வாசிப்புப் பதிவேடு: சீட்டு, நோட்டு, அட்டவணை

படித்த புத்தகங்களைக் குறித்துவைக்கும் வேலை இப்போது மூன்று அடுக்கில் நிற்கிறது. படிக்கும்போது புத்தகத்துக்குள் ஒரு சீட்டு. முடித்ததும் தைத்த நோட்டில் ஒரு பக்கம். மாதக் கடைசியில் கணினி அட்டவணையில் ஒரு வரி. மூன்றுக்கும் ஒரே எண்: ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், ஒரு கோடு, வரிசை எண். கோலாலம்பூரின் ஈரக் காற்றுக்கும் இங்கே நம் கைக்கு வரும் தமிழ்ப் புத்தகங்களுக்கும் தாங்குகிற வடிவம் இது.

கைப்பேசிச் செயலி ஒன்றே போதாதா என்றால், தமிழுக்குப் போதாது. பின்னட்டையின் பட்டைக்கோட்டைக் காட்டியதும் விவரம் தானாக வந்து விழுவது ஐஎஸ்பிஎன் என்ற உலகப் பொது நூல் எண்ணை நம்பித்தான். மலேசியாவில் பல தமிழ் நூல்கள் எழுத்தாளரே சொந்தச் செலவில் அச்சிட்டு, மண்டபத்தில் வெளியீடு வைத்து, வந்தவர்கள் கையில் சேர்த்தவை. பழையவற்றில் அந்த எண்ணே இருக்காது. இருந்தாலும் ஆசிரியர் பெயர் வேறொரு எழுத்துக்கூட்டலில் வரும், இல்லையென்றால் வெறும் பக்கம் வரும். விவரத்தை நாமே எடுக்க வேண்டும். எடுக்க வேண்டிய இடம் அட்டை இல்லை, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் உள்ள பதிப்பு விவரப் பக்கம்.

முதலில் சீட்டு. நகலெடுக்கும் கடைகளில் கிடைக்கும் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) ஏ4 அட்டைத்தாளை எட்டாக வெட்டினால் 74 × 105 மில்லிமீட்டரில் எட்டுச் சீட்டு வரும். வெள்ளையோ வெளிர்மஞ்சளோ வாங்குங்கள். அடர்நிறத் தாள் மழையில் நனைந்த பைக்குள் இருந்தால் புத்தகத்தின் பக்கத்தில் சாயம் இறங்கிவிடும். ஒட்டுச்சீட்டும் வேண்டாம்: எடுத்த பிறகும் தாளில் பசை தங்கும், அதில் தூசி சேரும், பழைய மக்கிய தாளாக இருந்தால் எழுத்தோடு பிய்ந்து வரும். சீட்டின் தலையில் பதிவு எண், தொடங்கிய தேதி. கீழே பக்க எண்களும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொற்களும். பக்கத்தில் எந்த இடம் என்று சொல்ல மே, ந, கீ என்ற மூன்று எழுத்து போதும். ‘142கீ – ஆயாக்கொட்டகைப் பேச்சு’ என்று குறித்திருந்தால் பல ஆண்டு கழித்தும் அரை நிமிடத்தில் அந்த வரியில் விரலை வைக்கலாம். எல்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்பவருக்கு இதற்கு மேல் எழுத முடியாது, எழுதவும் தேவையில்லை.

பென்சில் எச்பி போதும். பேனாவைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவராமல் இருப்பது நல்லது, நூலகப் புத்தகமாக இருந்தால் கட்டாயம். சொந்தப் புத்தகமானால் பின்னட்டையின் உட்புறத்தில் பதிவு எண்ணைப் பென்சிலால் சிறிதாக எழுதிவிடுங்கள். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தால் நோட்டுக்குப் போகலாம், நோட்டிலிருந்து அலமாரிக்கும் வரலாம்.

இனி பதிப்பு விவரம். இதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. பக்க எண்ணைக் குறித்துவிட்டுப் பதிப்பைக் குறிக்காமல் விட்டால் அந்தப் பக்க எண்ணால் பயன் இல்லை. மறுபதிப்பில் எழுத்துருவும் தாள் அளவும் மாறினால் 142ஆம் பக்கத்தில் இருந்தது 118க்குப் போயிருக்கும். அதனால் முதற்பதிப்பு ஆண்டு, கையில் உள்ள பதிப்பின் ஆண்டு, மொத்தப் பக்கம் மூன்றையும் எழுத வேண்டும். மொத்தப் பக்கத்தில் முன்னுரைப் பக்கங்களையும் நூல் பக்கங்களையும் கூட்டாமல் ‘16+248’ என்று தனித்தனியாக வைத்தால், இரண்டு பிரதி ஒரே பதிப்பா என்று உடனே தெரிந்துவிடும்.

ஆண்டு எப்போதும் ஆங்கில ஆண்டாக அச்சாகியிருக்காது. திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழிக்க வேண்டும். 2055 என்றிருந்தால் 2024. தை முதலே புது ஆண்டு என்பதால் ஜனவரியின் முதல் பாதியில் ஒன்று இடறும், மாதத்தையும் பாருங்கள். பிரபவ, விபவ என்று அறுபதாண்டுச் சுழற்சியில் போட்டிருந்தால் வேறு தடயம் தேட வேண்டும். விகாரி வருடம் 1899-1900 ஆகவும் இருக்கலாம், 1959-60 ஆகவும் இருக்கலாம், 2019-20 ஆகவும் இருக்கலாம். விலை பெரும்பாலும் தீர்த்துவைக்கும். அணாவில் விலை போட்ட தமிழ்நாட்டுப் புத்தகம் 1957இன் தசம நாணய மாற்றத்துக்கு முந்தையதாகவோ அதை ஒட்டியதாகவோ இருக்கும். நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவே. ஆகவே நயா பைசா விலையோடு வந்த விகாரி 1959-60 தான். நாமே கணித்துப் போட்ட ஆண்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள்; அச்சில் உள்ளது எது, நாம் ஊகித்தது எது என்பது கலந்துபோகக் கூடாது.

ஐஎஸ்பிஎன் இருந்தால் அது எந்த நாட்டுப் பதிப்பு என்பதையும் சொல்லும். 978க்கு அடுத்து 81 அல்லது 93 வந்தால் இந்தியா. 967, 983, 629 மலேசியா. 981 அல்லது 9971 சிங்கப்பூர். 955 அல்லது 624 இலங்கை. நான்கு நாட்டுத் தமிழும் ஒரே அலமாரியில் கலந்திருக்கும் நமக்கு, நாடு வாரியாகப் பிரித்துப் பார்க்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. 2007 ஜனவரிக்கு முந்தைய புத்தகங்களில் பெரும்பாலும் பத்து இலக்கம்தான் இருக்கும். அதைப் பதின்மூன்றாக்கக் கடைசி இலக்கத்தை நீக்கி, முன்னால் 978 சேர்த்து, சோதனை இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். முதல் பன்னிரண்டு இலக்கங்களை மாறி மாறி 1, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையைப் பத்தின் மடங்காக்க எவ்வளவு தேவையோ அதுவே கடைசி இலக்கம். தட்டச்சில் ஓர் இலக்கம் தவறினாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

எக்செல் அட்டவணையில் இந்த எண்ணை எழுதும் முன் அந்தப் பத்தியை (மேலிருந்து கீழாக வரும் கட்டங்களை) ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் பதின்மூன்று இலக்கமும் ‘9.78’ என்று தொடங்கும் அறிவியல் வடிவில் சுருங்கித் தெரியும்; பத்து இலக்க எண் பூச்சியத்தில் தொடங்கினால் அந்தப் பூச்சியம் போய்விடும். குட்ரீட்ஸ் என்ற வாசிப்பு இணையத்தளத்திலிருந்து பட்டியலை இறக்குபவர்கள் எண்ணுக்கு முன்னால் ஒரு சமக்குறியும் மேற்கோள் குறியும் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். இந்தச் சிதைவைத் தடுக்கத்தான் அது அப்படி வருகிறது, அழிக்காதீர்கள்.

பெயர்ப் பத்தி இரண்டாக இருப்பது நல்லது. ஒன்று ‘அச்சில் உள்ளபடி’, மற்றது ‘தேடுபெயர்’. ஒரே ஆசிரியர் ஒரு நூலில் இராமசாமி, இன்னொன்றில் ராமசாமி. இங்கே லெட்சுமி, அங்கே லட்சுமி, வேறோரிடத்தில் இலட்சுமி. முதலெழுத்துக்குப் பின் ஒருவர் இடைவெளி விடுவார், ஒருவர் விடமாட்டார். கணினிக்கு இவை எல்லாம் வேறு வேறு ஆள்கள். தேடுபெயரில் ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, புனைபெயரில் வந்தவற்றையும் அதன்கீழ் சேர்த்தால்தான் ஒருவர் எழுதியவை ஒரே இடத்தில் திரளும். மொழிபெயர்ப்பாளருக்குத் தனிப் பத்தி வேண்டும். மூலமொழிக்கும் வேண்டும், மலாயிலிருந்து வந்த கதையும் மலையாளத்திலிருந்து வந்த கதையும் தமிழில் படித்தோம் என்பதற்காக ஒன்றாகிவிடாது.

தட்டச்சில் கண்ணுக்குத் தெரியாத தவறுகள் இன்னும் உண்டு. ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறியைப் போடாமல் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு எழுதினால் திரையில் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் அகப்படாது. ஸ்ரீ எழுத்தும் யூனிகோடில் இரண்டு விதமாக உருவாகும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் போடும். தேடியது கிடைக்கவில்லை என்றால் புத்தகம் பட்டியலில் இல்லை என்று முடிவுகட்டும் முன் பெயரின் ஒரு சிறு துண்டை மட்டும் தேடிப் பாருங்கள். அகரவரிசையும் இப்படித்தான். தமிழ் வரிசை விதி தெரியாத மென்பொருள் யூனிகோடு எண்படி அடுக்கும். ஜகரம் சகரத்தை ஒட்டி வரும், னகரம் நகரத்தை ஒட்டி வரும், புள்ளி வைத்த எழுத்து தன் வரிசையின் கடைசிக்குப் போகும். நூறு வரிக்குள் இருக்கும்வரை இது உறுத்தாது, அதற்குப் பிறகு உறுத்தும்.

விலைக்கும் இரண்டு பத்தி: அச்சிட்ட விலை, கொடுத்த விலை. சென்னைப் பதிப்பு கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட் பக்கத்திலோ என்ன ரிங்கிட்டுக்குக் கிடைத்தது என்பது அடுத்த முறை எங்கே வாங்கலாம் என்று முடிவுசெய்ய உதவும். வெளியீட்டு விழாவில் உறையில் வைத்துக் கொடுப்பது அன்பளிப்பு. அதைக் கொடுத்த விலையாக எழுதினால் கணக்கு கோணும். ரசீது இருந்தால் அன்றே படம் எடுத்துப் பதிவு எண்ணைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது நம் ஊர் வெக்கையில் வெளுத்துவிடும். மலேசிய வருமான வரியில் 2017 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட் வரை இருக்கிறது. புத்தகமும் சஞ்சிகையும் அதில் அடக்கம். கைப்பேசி, கணினி, இணையக் கட்டணம் எல்லாம் அதே வரம்புக்குள் வருவதால் புத்தகத் தொகையைத் தனியாகக் கூட்டிவைப்பது நல்லது. ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

நூலகப் புத்தகம் என்றால் முதுகில் உள்ள எண்ணை அப்படியே எழுதுங்கள். டூவி என்ற நூலக வகைப்பாட்டு முறையில் தமிழ் இலக்கியம் 894.811, அதில் புனைகதை 894.8113. அடுத்த முறை நேராக அந்த அடுக்குக்குப் போய்விடலாம். இரவல் வாங்கியது என்றால் யாரிடம், எப்போது, திருப்பிக் கொடுத்த தேதி.

நாளிதழில் படித்த கதைகளை விட்டுவிடக் கூடாது. மலேசியச் சிறுகதைகளில் எத்தனையோ ஞாயிறு பதிப்புகளில் வந்ததோடு சரி, தொகுப்பாகவே வராதவை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அதில் வந்ததைக் கத்தரித்து வைத்திருப்பவரின் கோப்பே சில கதைகளுக்கு எளிதில் எட்டும் ஆதாரம். இதழ் பெயர், தேதி, பக்கம், பத்தி எழுதி, அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் வருடியில் (ஸ்கேனரில்) படமெடுத்துவிட்டு, 80 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாளில் ஒரு நகலும் எடுங்கள். செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் ஒளியும் பட்டுப் பழுப்பாகி அமிலமாகும். மூலத்துண்டை நோட்டில் ஒட்டினால் எதிர்ப்பக்கமும் சேர்ந்து பழுக்கும்.

நோட்டு நூலால் தைத்ததாக இருக்கட்டும். கம்பி அடித்தது துருப்பிடித்து நடுத்தாளை அறுக்கும். தாள் 80 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருந்தால் மை பின்பக்கம் தெரியாது. மையைச் சோதிக்க ஒரு வரி எழுதி ஒரு நாள் காயவிட்டு ஒரு சொட்டு நீர் வையுங்கள்; கலைந்தால் வேண்டாம். சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் எண்ணெய் மை கலையாது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், கோலாலம்பூர் அதைச் சாதாரணமாகத் தாண்டும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், பின்னால் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மூடிய பெட்டியில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் வேண்டும். நிறம் மாறியதும் மணிகளை உறையிலிருந்து தட்டில் கொட்டி, சமையலுக்குப் பயன்படாத அடுப்பில் 120 பாகை செல்சியசில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதவும். இராமபாணப் பூச்சி பசையையும் மாவுச்சத்தையும் தேடி வருவது. அதனால் நோட்டில் சோற்றுப்பசை, மைதாப்பசை எதுவும் கூடாது.

ஒரு பக்கத்தில் என்ன எழுதுவது? நட்சத்திரம் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்று நட்சத்திரம் அடுத்த ஆண்டில் எதையும் சொல்லாது. புத்தகம் எதைச் செய்கிறது என்று இரண்டு வாக்கியம், அது எந்தப் பக்கத்தில் நன்றாகச் செய்கிறது, எங்கே தளர்கிறது, இதைப் படிக்கும்போது வேறெந்தப் புத்தகம் நினைவுக்கு வந்தது (அதன் பதிவு எண்ணோடு). பிறகு முதல் வாக்கியத்தை அப்படியே எழுதிவைக்கலாம்; தலைப்பு மறந்தாலும் அது நினைவில் நிற்கும். பாதியில் விட்ட புத்தகத்துக்கும் ஒரு பக்கம் உண்டு: விட்ட பக்க எண், காரணம். இரண்டாம் முறை படித்தால் புதுப் பதிவு எண் போட்டுப் பழைய எண்ணை அருகில் எழுதுங்கள். பல பாக நாவல் பாகத்துக்கு ஒரு வரி பெறும்.

மின்நூல்தான் இன்னும் சரியாக அமையவில்லை. எழுத்தளவை மாற்றினால் பக்கம் மாறுகிறது, அதனால் இப்போதைக்கு அத்தியாய எண்ணும் மேற்கோளின் முதல் நான்கு சொல்லும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளுக்கு அவர்களே வரிசை எண் கொடுத்திருப்பதால் ஐஎஸ்பிஎன் பத்தியில் அது நிற்கிறது. கிண்டிலில் கோடிட்டவை கருவிக்குள் ஓர் உரைக்கோப்பில் சேரும். கருவி பழுதானால் அதுவும் போகும், மாதம் ஒரு முறை நகலெடுக்க வேண்டும்.

அட்டவணையின் பிரதியைச் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாக) சேமிக்கும்போது ‘யூடிஎஃப்-8’ என்று பெயரிட்ட வகையையே தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகும், அதை மீட்க வழியில்லை. சேமித்ததும் மூடிவிட்டு ஒருமுறை திறந்து, ‘கௌ’, ‘ஸ்ரீ’ உள்ள வரிகளைப் பாருங்கள். பிரதி ஒன்று வீட்டில், ஒன்று வெளியில். ஜனவரியில் முழு அட்டவணையையும் ஏ4 படுக்கைவாட்டில் அச்சிட்டு நோட்டோடு வையுங்கள்; தைப்பதற்கு இடப்பக்கம் 25 மில்லிமீட்டர் ஓரம் விட வேண்டும்.