பதினோரு குஞ்சுகளும் ஒரு பிளைவுட் பெட்டியும்: புரூடர் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

கோழி முட்டைகளை இன்குபேட்டரில் (அடைகாக்கும் கருவியில்) வைத்து இன்றோடு 18 நாள் ஆகிறது. திருப்புவதை நிறுத்தியாயிற்று, ஈரப்பதத்தைக் கூட்டி மூடியும் வைத்தாயிற்று, இனி குஞ்சு வெளியே வந்து காயும்வரை மூடியைத் தொடக் கூடாது. 21-ஆம் நாள் பொரிக்கும். அதனால் கையில் மூன்று நாள் இருக்கிறது.

போன முறை குஞ்சுகள் வந்த பிறகுதான் பெட்டி தேடினேன். கையில் கிடைத்த சின்ன அட்டைப்பெட்டிக்குள் விட்டு மேலே பெரிய பல்பைத் தொங்கவிட்டேன், இரண்டாம் நாள் காலையில் மூன்று குஞ்சுகள் இறக்கையை விரித்தபடி செத்துக் கிடந்தன. குளிரில் போய்விட்டன என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, சூட்டில் போயிருக்கின்றன. அந்தப் பெட்டியில் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே சூடு, தப்பித்து ஒதுங்க அவற்றுக்கு ஓர் இடம்கூட இல்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

தாய்க்கோழி இருந்தால் குஞ்சு இறக்கைக்குள் போகும், சூடு போதும் என்றால் தலையை வெளியே நீட்டும், அப்புறம் ஓடிப்போய் மேயும், குளிர்ந்தால் திரும்ப உள்ளே நுழையும். எவ்வளவு சூடு வேண்டும் என்பதைக் குஞ்சேதான் முடிவு செய்கிறது. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளைச் சூடு கொடுத்து வளர்க்கும் பெட்டிதான் புரூடர், அதுவும் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஒரு கோடி சூடாகவும் மறு கோடி குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்றால் பெட்டி நீளமாக இருந்தாக வேண்டும்.

பிளைவுட்டில் 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று அறுத்து ஆணி அடித்துவிட்டேன். முதல் சில வாரங்களுக்குக் குஞ்சு ஒன்றுக்கு அரை சதுர அடி போதும், எனவே இந்த 8 சதுர அடி தாராளம். நான்கு மூலைகளிலும் அட்டையை வளைத்து வைத்து வட்டமாக்கினேன். மூலை கூர்மையாக இருந்தால் பயந்த குஞ்சுகள் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் மாட்டிக்கொண்டது மூச்சு முட்டிச் சாகும். காற்றோட்டத்துக்கான துளைகளை மேல் விளிம்பை ஒட்டித்தான் போட்டேன். கீழே போட்டால் காற்று நேராகக் குஞ்சின் மேல் அடிக்கும்.

பிப்ரவரி 4

இன்று முழுக்க சூட்டு வேலைதான்.

ஒரே பெரிய பல்பு வேண்டாம் என்று முடிவு செய்து, 60 வாட் குண்டு பல்பு இரண்டை ஒரே கோடியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் வெளிச்சம்தான் வரும், நமக்கு வேண்டியது சூடு. உடையாமல் இருக்க டெஃப்லான் பூச்சு பூசிய பல்புகளும் வருகின்றன, அவை கோழி இருக்கும் இடத்துக்கு ஆகவே ஆகாது. சூடேறும்போது அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

பல்பை வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டினேன். வாரா வாரம் ஒவ்வொரு கண்ணியாக உயர்த்திக்கொண்டே போகலாம். சங்கிலி போக, தனியாக ஒரு கம்பியையும் உத்தரத்தில் கட்டிவிட்டேன், பல்பைச் சுற்றிக் கம்பிவலைக் கூடும் போட்டாயிற்று. காய்ந்த மரச்சீவலில் எரியும் பல்பு விழுந்தால் பெட்டியோடு வீடும் பற்றும், இந்த விஷயத்தில் மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

மாலையில் போட்டுவிட்டேன், ராத்திரி முழுக்க எரியட்டும். தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாமல் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், குஞ்சின் முதுகு இருக்கும் மட்டத்தில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5

விடியற்காலையில் பார்த்தேன். பல்புக்கு அடியில் 38 டிகிரி, மறு கோடியில் 28. முதல் வாரத்துக்கு 35 போதும், அதனால் சங்கிலியை இரண்டு கண்ணி உயர்த்தினேன். மதியம் 35-இல் வந்து நின்றது. எதிர்க்கோடி 26. சரி, இது போதும்.

தச்சுப் பட்டறையிலிருந்து வாங்கிய இழைப்புச் சீவலை இரண்டு அங்குலம் பரப்பினேன். நைசான மரத்தூள் வேண்டாம், தீனி என்று நினைத்துக் கொத்தித் தின்றுவிடும். முதல் மூன்று நாளைக்குச் சீவலின் மேல் சொரசொரப்பான துணி ஒன்றை விரித்து வைக்கப்போகிறேன். செய்தித்தாள் வழுக்கும், அதில் நடந்தால் கால் அகண்டுவிடும்.

இன்குபேட்டரில் காதை வைத்துக் கேட்டேன். முட்டைக்குள்ளிருந்து சத்தம் வருகிறது.

பிப்ரவரி 6

காலை 6 மணிக்கு முதல் ஓடு திறந்தது. ராத்திரிக்குள் எட்டு.

மகள் இன்குபேட்டர் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. "அப்பா, பசிக்கும்ல, வெளிய எடுங்க" என்று அரித்துக்கொண்டே இருந்தாள். பொரிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள்கரு முழுவதும் குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும், அந்தச் சத்தை வைத்து இரண்டு நாள் தீனி இல்லாமலே தாங்கும் என்று சொன்னேன். ஈரத்தோடு எடுத்தால்தான் ஆபத்து. மேல் அலகின் நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன முள் இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள், ஓட்டை உடைக்க உதவிய பல் அது, சில நாளில் உதிர்ந்துவிடும்.

பிப்ரவரி 7

மொத்தம் பதினொன்று. எல்லாம் காய்ந்து பஞ்சு போல ஆன பிறகு ஒவ்வொன்றாகப் புரூடருக்கு மாற்றினோம். மாற்றும்போது ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் லேசாகத் தொட்டு எடுத்தோம். ஒரு தடவை நனைத்தால் போதும், தலையை அண்ணாந்து விழுங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வாயைத் தானே குடிக்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். தட்டில் கூழாங்கற்களை நிரப்பி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் நடந்துபோய் அதிலேயே படுத்து நனைந்து விறைத்துவிடும், ஆழமிருந்தால் மூழ்கியும் போகும்.

தீனி குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர்தான், 20 சதவீதப் புரதம் உள்ளது. முட்டைக்கோழித் தீனி வீட்டில் ஒரு மூட்டை இருந்தாலும் அதைத் தொடவில்லை. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது.

பிப்ரவரி 8

ராத்திரி ஒன்பது மணிக்கு மகள் வந்து சொன்னாள், "அப்பா, எல்லாம் ஒரே பக்கமா ஒட்டிக்கிட்டு கத்துதுங்க." போய்ப் பார்த்தால் தெர்மாமீட்டர் சரியாக 35 காட்டுகிறது, பல்பும் எரிகிறது, ஆனால் பதினொன்றும் இடது சுவரை ஒட்டி நெருக்கியடித்து நிற்கின்றன. சத்தமும் வேறு மாதிரி இருந்தது. திருப்தியாக இருக்கும்போது மெல்லிசாக, தனக்குத்தானே பேசிக்கொள்வது போல முணுமுணுக்கும். இது கூர்மையாக, நீளமாக இழுத்துக் கத்துவது.

குளிர் என்றால் பல்புக்கு அடியில் குவியும். சூடு என்றால் பல்பை விட்டு விலகி, வாயைத் திறந்து இரைக்கும். ஒரு பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம். கையை நனைத்துப் பெட்டியின் வலது பக்கம் நீட்டினேன், கதவு இடுக்கிலிருந்து சில்லென்று வந்தது. பெட்டியை நகர்த்தி, கதவின் அடியில் சாக்கைச் செருகினேன். பத்தே நிமிடத்தில் கலைந்து படுத்தன, சில பல்புக்கு அடியில், சில நடுவில், இரண்டு தண்ணீர்ப் பக்கம். இப்படிச் சிதறிக் கிடந்தால்தான் சரியான சூடு. தெர்மாமீட்டரை முதல் நாள் உயரம் பிடிக்க வைத்துக்கொண்டேன், அதற்கு மேல் குஞ்சுகள் சொல்வதைத்தான் கேட்கப்போகிறேன்.

பிப்ரவரி 9

ஒரு குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துவிட்டது. கவனிக்காமல் விட்டால் இரண்டு நாளில் செத்துவிடும். பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சூடு பொறுக்கும் அளவில் அதன் மேல் வைத்து, ஊறி இளகும்வரை காத்திருந்து துடைத்தேன், பிடித்து இழுத்தால் தோலோடு வந்துவிடும். அதற்குக் கொஞ்சம் கீழே, வயிற்றுப் பக்கம் காய்ந்த கறுப்பு நூல் மாதிரி ஒன்று இருக்கும், அது தொப்புள். அதையும் எச்சம் என்று நினைத்துப் பிய்த்துவிடுகிறவர்கள் உண்டு, குடலே வெளியே வந்துவிடலாம். துடைத்து முடித்ததும் உள்ளங்கைக்குள் பொத்திக் காய வைத்தேன். அந்தச் சூட்டில் அதன் தலை மெதுவாகத் தொங்கி, என் கட்டைவிரல் மேல் சாய்ந்து தூங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றுக்குக் கால் அகண்டிருக்கிறது, பொரிக்கும்போதே வழுக்கியிருக்கும். ஒட்டுப்பட்டையை மெல்லிசாக வெட்டி, இரண்டு காலுக்கும் நடுவில் இயல்பாக நிற்கும் இடைவெளி விட்டுச் சேர்த்து ஒட்டினேன். முதலில் தடுமாறி விழுந்தது, மாலைக்குள் நிற்கக் கற்றுக்கொண்டது.

பிப்ரவரி 11

ராத்திரி மூன்று மணிக்குக் கத்தல் கேட்டு எழுந்தேன். ஒரு பல்பு இழை அறுந்து அணைந்திருந்தது. எரிகிற பல்புக்கு அடியில் குவியலாகக் கிடந்தன, ஆனால் எல்லாம் உயிரோடு. அந்தப் பல்பைத் தாழ்த்தி, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வைத்தேன், ஐந்து நிமிடத்தில் அதன் மேல் சாய்ந்துவிட்டன. அப்புறம் புது பல்பை மாட்டினேன். ஒரே பல்பாக இருந்திருந்தால் காலையில் என்ன பார்த்திருப்பேனோ தெரியாது. மின்சாரம் போனாலும் இதே பாட்டில்தான் வழி. மூடிய அறைக்குள் கரி நெருப்பு வைப்பது கூடவே கூடாது, அந்தப் புகை நமக்கும் எமன்.

பிப்ரவரி 14

ஒரு வாரம் முடிந்தது. சங்கிலியை உயர்த்தினேன், பல்புக்கு அடியில் 32. வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்தால் சரியாக இருக்கும். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க, கால்நடை மருத்துவர் ஒவ்வொரு குஞ்சின் கண்ணிலும் தடுப்பு மருந்து ஒரு சொட்டு விட்டார். கால் அகண்ட குஞ்சின் பட்டையை மூன்று நாளைக்கு முன்னாலேயே பிரித்தாயிற்று... இல்லை, பிரித்தது 12-ஆம் தேதி. நன்றாக ஓடுகிறது, இப்போது எது என்று அடையாளமே தெரியவில்லை.

பிப்ரவரி 21

காலையில் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் காரமாக ஏறியது. தண்ணீர்த் தட்டைச் சுற்றிச் சீவல் நனைந்து கட்டியாகியிருக்கிறது. நமக்கே கண் எரிந்தால், தரைமட்டத்தில் மூச்சு விடும் குஞ்சுக்கு எப்படி இருக்கும்? ஈரமும் சூடும் சேர்ந்த கூளத்தில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். ஈரச் சீவலை முழுக்க அள்ளிவிட்டுப் புதிதாகப் போட்டேன். தட்டை எடுத்துவிட்டுக் குடுவை வைத்தேன், அடியில் ஒரு பலகை போட்டு, குஞ்சின் முதுகு உயரத்துக்கு அதன் விளிம்பு வரும்படி. கால் போட்டுக் கிளற முடியாது, சிந்தாது. இதை முதல் வாரமே செய்திருக்கலாம்.

இறக்கையில் இறகு முளைத்துவிட்டது, ஒன்று பெட்டி விளிம்பில் ஏறி நின்றுகொண்டிருந்தது. மேலே கம்பிவலை மூடி போட்டாயிற்று.

மார்ச் 1

பகலில் பல்பே தேவைப்படவில்லை. அணைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன், ஒன்றும் குவியவில்லை, கத்தவும் இல்லை. ராத்திரிக்கு மட்டும் ஒரு பல்பு. குறுக்கே வைத்த கட்டையில் நான்கு ஏறி உட்காரப் பழகிவிட்டன. ஓரத்தில் ஒரு தட்டு காய்ந்த மண் வைத்தேன், யாரும் சொல்லிக் கொடுக்காமலே படுத்துப் புரண்டு மண் குளியல் போட்டன.

மார்ச் 14

ஐந்து வாரம் முடிந்து எல்லாவற்றுக்கும் முதுகில் இறகு மூடிவிட்டது. நான்கு நாளாக ராத்திரியும் பல்பு இல்லாமல்தான் இருக்கின்றன. இன்று மாலை பெரிய கூண்டுக்கு மாற்றினோம், பதினொன்றும். இருட்டியதும் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, நெருக்கிக்கொள்ளவில்லை. பெட்டியைச் சுரண்டிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.