"சும்மா விசாரணைக்குத்தான்"

போன மாதம் ஒரு சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் பக்கத்துத் தெரு அக்கா ஓடி வந்தார். பூட்டிக்கிடக்கும் செட்டியார் வீடு ஒன்றில் பித்தளைச் சாமான்கள் காணாமல் போய், அவர் மகனைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. "சும்மா விசாரணைக்குத்தான்னு சொன்னாங்க தம்பி" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். காபி போடுகிற நேரமாம். சரி, 4 மணி என்று குறித்துக்கொண்டேன்.

பையனுக்கு 16 வயது, ஆனால் மீசை அரும்பி ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், அதனால் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், வயதுக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டம் முதலில் கேட்பது அதைத்தான், பிறகு ஊராட்சியோ நகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று, ஆதார் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஸ்டேஷனில் அவனை லாக்கப்பில் வைக்கவில்லை, பெஞ்சில்தான் உட்காரவைத்திருந்தார்கள். அதுவரை நல்லது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் (18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) நிறுத்த வேண்டுமே ஐயா என்றதற்கு, "இன்னும் எழுதவே இல்லையே, அப்புறம் என்ன 24 மணி?" என்றார் ஏட்டு. இந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. காகிதத்தில் ஏறிய நேரத்திலிருந்தா கணக்கு? பிடித்த நேரத்திலிருந்துதானே! பயண நேரத்தை மட்டும் கழிக்கலாம், எங்கள் காரைக்குடியிலிருந்து குழுமம் இருக்கிற சிவகங்கைக்கு எவ்வளவு ஆகிவிடப்போகிறது.

நாளை ஞாயிறு, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார் அடுத்து. குழுமம் கூடாத நாளில் அதன் உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தினாலே போதும். அதோடு, குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ இருக்கிற கொடுங்குற்றத்துக்குத்தான் சிறுவர்களைப் பிடிக்க வேண்டும் என்கின்றன அந்தச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள், பையனின் நலனுக்காக என்றால் மட்டும் விலக்கு. திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர்.கூடப் போடாமல் ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் எழுதி, குழுமத்துக்கு அறிக்கை அனுப்பினால் போதும். கைவிலங்கு கூடாது, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது, பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம் நான் அங்கே இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை, பாதி உளறல்தான். சான்றிதழைப் பார்த்த இன்ஸ்பெக்டர் இரண்டு போன் பேசினார். பத்தரைக்கு அக்காவிடம் எழுதி வாங்கிக்கொண்டு பையனை அனுப்பினார்கள், கூப்பிடும்போது குழுமத்துக்கு வரவேண்டும்.

வீட்டுக்கு வந்தால் தெரு வாட்ஸ்அப் குழுவில் அவன் படம். வழக்கில் சிக்கிய சிறுவனின் படத்தை அப்படிப் போட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொன்னேன். "நாலு பேர் உஷாரா இருக்கட்டும்னுதானே போட்டேன்" என்றார் போட்டவர். மறுநாள் மதியம்தான் அழித்தார்.