அவங்க அப்பாவும் அப்படித்தான்

போன வாரம் நாத்தனார் போன் செய்தார். அவர் மகளுக்கு ஐந்தரை வயது, யுகேஜி முடிக்கப் போகிறாள். நேற்றுச் சொல்லிக்கொடுத்த எழுத்து இன்றைக்கு மறந்துவிடுகிறது, பாட்டு முழுசாக மனப்பாடம் ஆவதில்லை, ஆனால் கதை சொல்லச் சொன்னால் வாய் ஓயாது, என்ன பண்ணலாம் அண்ணி என்று கேட்டார். பள்ளியில் மிஸ் "போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டாராம்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். என் பையனுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவன் யுகேஜியில் இருந்தபோது எனக்கும் இதையேதான் சொன்னார்கள். வீட்டில் மாமியார் ஒரு படி மேலே போய், "அவங்க அப்பாவும் அப்படித்தான், நாலாவது வரைக்கும் எழுத்துக் கூட்டவே வராது, இப்ப இன்ஜினியரா இல்லையா?" என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்று வருடம் கழித்து, அவன் மூன்றாம் வகுப்பில் திண்டாடியபோது படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறப்பாசிரியரிடம் போனோம். உட்கார்ந்ததும் அவர் கேட்ட கேள்வி, "வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் இப்படி இருந்ததா?" டிஸ்லெக்சியா, அதாவது புத்தி இருந்தும் படிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு, குடும்ப வழியாக வரக்கூடியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறுதல் என்று நான் பிடித்துக்கொண்டிருந்ததுதான் முதல் எச்சரிக்கை! (என் கணவர் இன்றும் எந்த விண்ணப்பப் படிவத்தையும் என்னிடம் தள்ளிவிடுவார். சோம்பேறித்தனம் என்று பத்து வருடம் திட்டியிருக்கிறேன்.)

அதுவரை நான் கவனிக்காமல் விட்டதற்குக் காரணம், பையன் பாடத்தை நன்றாகவே 'படித்தான்'. ஒருநாள் படத்தைக் கையால் மூடிவிட்டு நடுவில் ஒரு சொல்லைக் காட்டி இது என்னடா என்றேன். அவன் முதல் வரியிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்து, சரியாக அந்தச் சொல்லில் நிறுத்தினான். மொத்தப் பாடமும் காதால் கேட்டு மனப்பாடம். புத்திசாலிதான், ஆனால் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. டிக்டேஷன் இருக்கிற நாளில் அவனுக்கு வயிறு வலிக்கும், அதையும் நடிப்பு என்றே நினைத்தோம்.

1988இல் கானி ஜூவல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 54 குழந்தைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை தொடர்ந்து கவனித்திருக்கிறார். ஒன்றாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கிய குழந்தை, நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருப்பதற்கு 88 சதவீத வாய்ப்பு. போகப் போகச் சரியாகவில்லை என்று அர்த்தம். யோசித்தால் புரியும், படிக்க வராத குழந்தை படிப்பதைத் தவிர்க்கும், தவிர்க்கத் தவிர்க்கப் புதுச்சொல் சேராது, அதற்குள் கணக்கு, அறிவியல் எல்லாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற கட்டம் வந்துவிடும்.

அந்தச் சிறப்பாசிரியர் நோட்டைத் திறக்கவே இல்லை. "மரம், அதில் ம போயிட்டா என்ன மிச்சம்?" என்று கேட்டார். பையன் முழித்தான். நான் அவனை ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தடவை இம்போசிஷன் எழுத வைத்துக்கொண்டிருந்தேன், அவனுக்கோ ஒரு சொல் துண்டு துண்டான ஒலிகளால் ஆனது என்பதே காதில் விழவில்லை. முதல் ஒரு மாதம் வெறும் காது வேலைதான். கைதட்டிச் சொல்லைப் பிரிப்பது, ஒரே ஒலியில் தொடங்கும் சாமான்களை அடுக்களையில் தேடுவது. அப்புறம் ட, ப, ம மூன்றே எழுத்து, அதை வைத்து படம், மடம், பட்டம், மட்டம். தட்டில் ரவையைப் பரப்பி, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுத வைத்த அதே முறைதான், நாம்தான் நாகரிகம் என்று விட்டுவிட்டோம்.

தமிழ் எழுதுகிறபடியே படிக்கிற மொழி, அதனால் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். 'கே' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறு பக்கம். உகர வரிசையோ கேட்கவே வேண்டாம்: கு, சு, து, மு என்று ஒன்றுக்கொன்று வேறு மாதிரி வளைகிறது. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தமும் இதைத் தொடவில்லை. இதையெல்லாம் தடுமாறும் பிள்ளைக்கு ஒரே வாரத்தில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொன்னால் எப்படி வரும்?

நாத்தனாரின் அடுத்த கேள்வி, டெஸ்ட் எடுத்துச் சான்றிதழ் வாங்கணுமா என்பது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கற்றல் குறைபாடும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது, தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவைப்படும். ஆனால் அதெல்லாம் மூன்றாம் வகுப்பு, எட்டு வயதை ஒட்டித்தான். அதனால்தான் பலர் எட்டு வயதுவரை சும்மா இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் எதற்கு? முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள், அப்புறம் தினமும் பதினைந்து நிமிடம். கடைசியில் அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்றே ஆகட்டும், கொஞ்சம் ரவைதானே வீண்?

அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆன்லைன் மதிப்பீட்டு வேலையே நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் புலம்பினாலும். கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம். சென்னைக்காரர்களுக்கு 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் குட்டியிடம் நானே கேட்டேன். "கரடி, அதுல க போயிட்டா என்ன ஆகும்?"

நீண்ட யோசனை. "செத்துப் போயிடும் அத்தை."

சிரித்து முடித்தபிறகு, சரி, வாழைப்பழத்தில் பழம் போனால்? என்றேன். "வாழை!" என்று உடனே கத்தினாள். அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.