மொரீசியஸ் மலைக்கோயிலில் செலுத்திய பால்காவடி

என் மகள் வயிற்றுப் பேரன் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, மொரீசியஸ் மருத்துவமனை ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, புதுச்சேரி வீட்டுப் பூசையறையில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, "முருகா, பிள்ளையைக் கொடுத்துவிடு, நீ அங்கே குடிகொண்டிருக்கும் மலைக்கே வந்து பால்காவடி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். வேலவன் கேட்டான், பிள்ளை தேறி வீடு வந்து சேர்ந்தான். அந்தக் கடனைத் தீர்க்கவே இந்தத் தைப்பூசத்திற்குக் கடல் கடந்தேன்.

எங்கள் ஊருக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள உறவு பழையது. 1735இல் அத்தீவின் பிரெஞ்சு ஆளுநராகப் பொறுப்பேற்ற லா பூர்தொன்னே காலத்தில், போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டியெழுப்பப் புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் அங்கே போனார்கள். நூறாண்டு கழித்து, 1834 முதல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர், தெலுங்கர், போஜ்புரி பேசுவோர் என்று கப்பல் கப்பலாகச் சென்றனர். என் சம்பந்தியம்மாளின் முன்னோர் அப்படிப் போனவர்கள்தாம். அவருக்குப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து கிளைத்த அத்தீவின் கிரியோல் மொழியில்தான்; ஆனால் முருகன் பாடல்களை ரோமன் எழுத்தில் எழுதி வைத்த நோட்டிலிருந்து ஒரு சொல் பிசகாமல் பாடுவார். விரத நாள்களில் ஒவ்வொரு மாலையும் அவர் பாட, நான் உடன் பாடினேன்.

விரதத்தின் நடுவே ஒரு வெள்ளிக்கிழமை, மகளின் அடுத்த வீட்டுக் கத்தோலிக்க அம்மாள் எங்களை சாந்த்-குருவாவுக்கு அழைத்துச் சென்றார். 1841இல் பிரான்சிலிருந்து வந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஏழைகளுக்காகவே வாழ்ந்து 1864 செப்டம்பர் 9 அன்று மறைந்த அருட்தந்தை லவாலின் கல்லறை அங்கே இருக்கிறது. அவருடைய நினைவு நாளுக்கு முந்திய இரவில் கத்தோலிக்கர் மட்டுமின்றி இந்துக்களும் பிறரும் நடந்தே வந்து வணங்குகிறார்கள். பேரன் கண்ணாடிப் பெட்டியில் இருந்த நாள்களில் தாமும் அங்கே வந்து மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்டதை அந்த அம்மாள் அப்போதுதான் சொன்னார். கல்லறையைத் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, எனக்குத் தெரியாமலே என் குழந்தைக்காக இன்னொரு நேர்த்திக்கடனும் நின்றிருந்ததை நினைத்து நெஞ்சம் நெகிழ்ந்தது.

தைப்பூசத்துக்கு மொரீசியஸ் நாடு முழுவதும் அரசு விடுமுறை. மகா சிவராத்திரிக்கும் சீன வசந்த விழாவுக்கும் ஈகைத் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அப்படியே விடுமுறை உண்டு. நாங்கள் காவடி செலுத்தியது காத்ர் போர்ன் ஊரின் கோர்-தெ-கார்ட் மலைச் சரிவில் உள்ள சிவசுப்பிரமணியர் கோயிலில். அவ்வூரார் அதை 'மலைக்கோயில்' என்று பொருள்படக் கிரியோலில் அழைக்கிறார்கள். விடியற்காலையிலேயே எங்கும் இளஞ்சிவப்பு உடைகள். மயிற்பீலி, எலுமிச்சை, குருத்தோலை, பூக்கள் சூடிய காவடிகள். அலகு குத்திக்கொண்டவர்களில் கல்லூரி வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அலகு குத்தும் இடத்தில் அடியார்களின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிப் படம் பிடிப்பவர்கள், வழிவிடச் சொன்னாலும் நகர்வதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் வாடகைக் கார்க்காரர் ஒருவர் இரு மடங்கு கேட்டார். விரதம் இருப்பவர்களுக்காகவாவது இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டும்.

நமக்குப் பனிக்காலமான தை மாதம், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள அத்தீவில் கோடையின் உச்சம். தார்ச்சாலை காய்ந்து, வெறுங்கால் வைக்க முடியாமல், தோளில் காவடியோடு நான் தடுமாறி நின்றேன். அப்போது சாலையோரத்து வீடொன்றிலிருந்து, தலையில் தொப்பி அணிந்த இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் ரப்பர் குழாயை இழுத்துவந்து, எங்களுக்கு முன்னால் சாலையை நனைத்துக்கொண்டே நடந்தார். என் பாதங்களிலும் தண்ணீர் விட்டார். அவருடைய பேத்தி எலுமிச்சைச் சாறு நிறைந்த குவளைகளோடு வாசலில் நின்றாள். அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியதும் "வேல் வேல்" என்று வாய் தானாகச் சொன்னது. அதன்பின் படிக்கட்டு எப்படிக் கடந்தது என்றே தெரியவில்லை.

சந்நிதிக்கு முன் காவடியை இறக்கினார்கள். இரு முனையிலும் கட்டியிருந்த பித்தளைச் செம்புகளை எடுத்து, குருக்கள் வாய்க்கட்டை அவிழ்த்தார். அத்தனை வெயிலில் அத்தனை நேரம் வந்த பால் திரியாமல், வீட்டில் ஊற்றியபோது இருந்தபடியே வெண்மையாக இருந்தது. சம்பந்தியம்மாள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பால் வேலின் முகப்பில் விழுந்து, இலைவடிவான விளிம்பில் இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகி ஐயனின் திருவடிக்கு வழிந்தது. வள்ளி தெய்வானையோடு அவன் நின்ற கோலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்க வந்தது எதுவும் நினைவில் இல்லை. பேரனை மகள் தூக்கிக் காட்ட, குருக்கள் விபூதியை அவன் நெற்றி நிறையப் பூசினார். அழுதேன், அழுதுகொண்டே இருந்தேன். முருகா, உனக்கு நான் என்ன செய்துவிட முடியும்!

பிறகு வாழையிலையில் ஏழு கறியோடு அன்னதானம். அடுத்த வீட்டு அம்மாளும் அவருடைய கர்ப்பிணி மகளும் எங்கள் பந்தியிலேயே அமர்ந்து உண்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சித்திரையில் பேறுகாலம். சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று அவளுக்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் அன்பர்களும் அவளுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.