குறுக்கே வளைந்து போகும் ரோந்து கார்
லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குத் தனி போலீஸ் உண்டு, மாவட்டம் மாதிரியான கவுன்டிக்கு ஷெரிஃப் என்ற காவல் தலைவர் உண்டு. ஆனால் ஊர் நடுவே ஓடும் ஃப்ரீவேயில் விபத்து என்றால் வந்து நிற்பது மாநில அரசின் கலிபோர்னியா ஹைவே பேட்ரோல்தான். 1929-ல் தொடங்கிய படை. தலைவர் கமிஷனர், அவரை நியமிப்பவர் கவர்னர். தலைமையகம் சாக்ரமென்டோவில், களத்தில் எட்டு டிவிஷன்கள். 1995-ல் கலிபோர்னியா ஸ்டேட் போலீஸ் என்ற தனிப் படையையும் இதோடு இணைத்துவிட்டதால் கவர்னர் பாதுகாப்பும் இவர்கள் தலையில். லாரிச் சோதனை, பள்ளிப் பேருந்துச் சோதனை எல்லாம் அது போக.

எனக்குப் பிடித்தது வேறு. சாலையில் ஏணியோ மெத்தையோ விழுந்து கிடந்தால், ஒரே ஒரு ரோந்து கார் விளக்கைப் போட்டுக்கொண்டு எல்லா லேனையும் அடைத்தபடி வளைந்து வளைந்து போகும். ஒருத்தரும் முந்தத் துணிய மாட்டார்கள். பின்னால் வரும் மொத்தக் கூட்டமும் தானாக வேகம் குறையும். முன்னால் கிடைக்கும் அந்த இடைவெளியில் இழுத்து ஓரமாகப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்! லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே மலையில் இருக்கும் டெஹோன் கணவாயில் பனி கொட்டினால், முன்னால் மெதுவாகப் போய் வண்டிகளை மலை தாண்டி அழைத்துப் போவதும் உண்டு.

மறைவில் நின்று வேகத்துக்கு டிக்கெட் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். சரி, அதிலும் அவர்கள் குறை வைப்பதில்லை.