முழங்காலில் கவலை: லெந்து காலக் குறிப்புகள்

மார்ச் 5, 2025, புதன் (சாம்பல் புதன்)

ஈஸ்டருக்கு முந்திய இந்த லெந்து உபவாச நாட்களில் ஒரே காரியத்தை மட்டும் எழுதுவதாக உத்தேசம்: கவலையைத் தனி ஜெபத்துக்குக் கொண்டுபோவது எப்படி. உபவாசத்தைப் பற்றியும் சிலுவைப்பாட்டைப் பற்றியும் ஆலயத்தில் நிறையவே பேசுவார்கள்.

பலருக்கு நடப்பது இதுதான். முழங்கால்படியிட்டு, "ஆண்டவரே, என் மகனுடைய வேலை..." என்று தொடங்குகிறோம். இரண்டாவது நிமிஷத்திலேயே மனசு அவனுடைய மேனேஜரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும். அரைமணி நேரம் கழித்து எழுந்தால் பாரம் முன்னைவிடக் கூடியிருக்கும். ஜெபம் நடந்தது முதல் இரண்டு நிமிஷம்தான். மற்ற நேரமெல்லாம் முழங்காலில் இருந்தபடியே கவலைப்பட்டிருக்கிறோம்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஓடுகிற வாக்கியத்தில் "நீர்", "உம்மிடம்" என்று வருகிறதா? "அவன் இப்படிக் கேட்டால் நான் அப்படிச் சொல்வேன்" என்று ஓடினால் பேச்சு ஆண்டவரோடு இல்லை. உதடு அசைத்து ஜெபித்தால் இந்த நழுவல் உடனே தெரிந்துவிடும். சத்தம் வெளியே வரவேண்டியதில்லை. வேதாகமத்தில் பிள்ளைக்காக ஜெபித்த அன்னாளுக்கும் உதடுகள் மட்டும்தான் அசைந்தன. ஆசாரியர் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார், அது வேறு விஷயம்.

மார்ச் 7, வெள்ளி

நேரம் 15 நிமிஷம் போதும். போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். சைலன்டில் போட்டுக் கையருகே வைப்பது பிரயோஜனப்படாது. வேதாகமம் ஆப்பில்தான் இருக்கிறது என்பவர்கள் இந்த 15 நிமிஷத்துக்காவது அச்சுப் பிரதியை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சாதாரண 80 பக்க நோட்டு. இடது பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலது பக்கம் காலியாக. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836இல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லரும் கேட்டதையும் கிடைத்ததையும் விடாமல் எழுதிவைத்தவர்தான். ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு கவலையையும் ஒரே மூச்சில் எழுதினால் அது பட்டியல் வாசிப்பாகிவிடும். எதுவும் மனசில் நிற்காது.

மார்ச் 10, திங்கள்

நோட்டில் எழுதும் வரியில்தான் பெரும்பாலான தப்பு நடக்கிறது. "பணக்கஷ்டம் தீர வேண்டும்", "குடும்பத்தில் சமாதானம்", "எல்லாரையும் ஆசீர்வதியும்." இவற்றுக்குப் பதில் வந்தாலும் நமக்குத் தெரியாது. எது நடந்தால் பதில் என்று அந்த வரியில் இல்லையே.

யூதாவின் ராஜா எசேக்கியா செய்ததைப் பார்க்கலாம். அசீரியா ராஜா சனகெரிப் மிரட்டிக் கடிதம் அனுப்புகிறான். எசேக்கியா அதை வாசித்துவிட்டு ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைக்கிறார் (2 இராஜாக்கள் 19:14). அடுத்து வரும் ஜெபம் வெறும் ஐந்து வசனம். அதன் அடுக்கு கவனிக்க வேண்டியது. முதலில் தேவன் யார் என்று சொல்கிறார். பிறகு நிலைமையை உள்ளபடி சொல்கிறார்: அசீரியர் மற்ற தேசங்களைப் பாழாக்கியது உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறார், சின்னதாக்கிக் காட்டவில்லை. கடைசியில் ஒரே கோரிக்கை: எங்களை இரட்சியும். அதற்குக் காரணமும் சொல்கிறார்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடன் என்றால் பேங்க் நோட்டீஸ், நோய் என்றால் ஸ்கேன் ரிப்போர்ட், அதை நிஜமாகவே முன்னால் விரித்து வையுங்கள். வரியை இப்படி எழுதுங்கள்: "15ஆம் தேதி கட்ட வேண்டியது 18,000 ரூபாய். கையில் 11,000. மீதி 7,000க்கு வழி காட்டும். இல்லையென்றால் அவகாசம் கேட்க எனக்குத் தைரியம் தாரும்." தொகை தெரிந்ததுமே கவலைக்கு ஒரு எல்லை வந்துவிடும். தொகையைக் கூட்டிப் பார்க்கவே பயந்துதான் பல பேர் பொத்தாம்பொதுவாக ஜெபிக்கிறார்கள்.

ஸ்தோத்திரமும் அதே அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும். பிலிப்பியர் 4:6 "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும்" என்கிறது. "சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்பது வாய்ப் பழக்கம். போன மாதத் தவணை எப்படிக் கட்டி முடிந்தது என்பதைச் சொல்லி நன்றி சொல்லுங்கள்.

மார்ச் 13, வியாழன்

ராத்திரி மூன்று மணிக் கவலை தனி ரகம். அந்த நேரத்தில் நீண்ட ஜெபம் முயற்சி செய்ய வேண்டாம். படுத்தபடியே ஜெபித்தால் யோசனைதான் நீளும். எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கவலையை ஒரு வரி எழுதி நோட்டை மூடிவிடலாம். பிறகு சங்கீதம் 70:1: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." எகிப்து வனாந்தரத் துறவிகள் எந்நேரமும் இதையே சொல்லப் பழகினார்கள் என்று 5ஆம் நூற்றாண்டில் துறவி யோவான் காசியன் எழுதிவைத்திருக்கிறார். மூச்சு இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறுபாதி என்று பிரித்துச் சொல்வது பலருக்குக் கைகொடுக்கிறது. தீர்மானம் எதையும் அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம்.

மார்ச் 18, செவ்வாய்

"ஜெபம் பண்ணிவிட்டேன், இனி கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு, போட வேண்டிய விண்ணப்பப் படிவத்தைப் போடாமல் இருப்பவர்கள் உண்டு. இவர்களுக்கு, பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்த யூதர் நெகேமியா நல்ல மருந்து. கிஸ்லேயு மாதத்தில் எருசலேமின் மதில் இடிந்துகிடக்கும் நிலைமையைக் கேட்டு அழுது ஜெபிக்கத் தொடங்குகிறார். நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் பேச வாய்க்கிறது. ஏறக்குறைய நான்கு மாதம். ராஜா "என்ன வேண்டும்?" என்று கேட்டதும், மனசுக்குள் ஒரு குறுகிய ஜெபம், உடனே பதில்: அதைக் கட்டப் போய்வர இத்தனை காலம் ஆகும், தேசாதிபதிகளுக்குக் கடிதங்கள் வேண்டும், வனக்காவலன் ஆசாப்பிடமிருந்து மரம் வேண்டும். ஜெபித்த மாதங்களில் கணக்கும் போட்டிருக்கிறார் என்பது தெரிகிறது.

ஆகவே எழும்புவதற்கு முன் கடைசி இரண்டு நிமிஷம் இதற்கு: இந்தக் காரியத்தில் இன்று நான் செய்ய வேண்டியது என்ன? ஒரு போன், ஒரு மன்னிப்பு, ஒரு ரத்தப் பரிசோதனை. ஒன்று மட்டும் எழுதுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் "இன்று காத்திருக்கிறேன்" என்று எழுதிவிடுங்கள்.

மார்ச் 23, ஞாயிறு

பொருத்தனை (ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வது) பற்றிச் சுருக்கமாக. பயத்தின் உச்சத்தில் பொருத்தனை பண்ண வேண்டாம். "நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்கிறது பிரசங்கி 5:5. ஒரு கவலை போய், நிறைவேற்றாத பொருத்தனை அடுத்த கவலையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று, ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுப் பெண்ணின் விவாகரத்து வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுவது. அடுத்தவர் காரியம் உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும், அதிலும் முதலெழுத்து மட்டும்.

மார்ச் 29, சனி

தூக்கமின்மை, படபடப்பு, சாப்பிட முடியாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆள் துணையோடு போக வேண்டும். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் மறுபடியும் எசேக்கியாவைக் காட்டுங்கள். அவர் வியாதியில் அழுது ஜெபித்தார், கர்த்தர் கேட்டேன் என்றார். அதன் பிறகும் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசிதான்.

ஏப்ரல் 3, வியாழன்

நோட்டின் வலது பக்கத்தை வாரம் ஒருமுறை நிரப்பலாம். நடந்தது, வேறு விதமாக நடந்தது, இன்னும் இல்லை: இந்த மூன்றில் ஒன்றைத் தேதியோடு எழுதினால் போதும். வேறு விதமாக நடந்ததைப் பதிலாகக் காட்ட வலிந்து விளக்கம் எழுத வேண்டாம்.

எத்தனை முறை கேட்கலாம் என்பது அடிக்கடி வரும் கேள்வி. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு அதே வார்த்தைகளை மூன்றாம் முறையும் சொல்லி ஜெபித்தார். அப்போஸ்தலர் பவுலும், 'மாம்சத்தில் ஒரு முள்' என்று தாம் சொல்லும் உபத்திரவம் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அதன்பின் அவர் அதையே கேட்டதாக எழுதவில்லை. திரும்பக் கேட்பதில் தவறில்லை. கேட்கிற வரி மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். பிப்ரவரியில் "அம்மாவுக்கு முற்றும் சுகம் தாரும்" என்று இருந்தது, ஏப்ரலில் "இன்றைக்கு வலி குறைய வேண்டும், நர்ஸ் நேரத்துக்கு வர வேண்டும்" என்று ஆகியிருந்தால் பழைய வரியை அடிக்க வேண்டாம். அதன் கீழேயே புதிய தேதி போட்டு எழுதுங்கள்.