செல்ஃப் எடுக்காத காரும் சேரன்மாதேவி ரயில்வே கேட்டும்

நம்ம காருக்கு ஒரு கொணம் உண்டு. பாளையங்கோட்டைல வீட்டு வாசல்ல நிக்கும்போது சாவியத் தொட்டாப் போதும், சும்மா சிங்கம் மாதிரி கெளம்பும். வெளிய, அதுவும் நாலு பேரு பாக்க நிறுத்துனா மட்டும் 'டக்'குன்னு ஒத்தச் சத்தம், அவ்வளவுதான். எப்பவும் இப்படின்னா கூட பரவால்ல, பத்துக்கு ஒருதடவதான், அந்த ஒண்ணு எப்பன்னு தெரியாது.

மொத தடவ டவுன்ல, நெல்லையப்பர் கோயில் பக்கம் அல்வா வாங்க நிறுத்துனது. இலைல வச்சுத் தந்த சூடு அல்வாவத் தின்னுட்டு நெய்க் கையோட சாவியத் திருப்புனா டக். மறுபடி டக். மூணாவது டக்குக்குள்ள ஆறு பேரு வந்துட்டாங்க. பானெட்ட தெறக்கச் சொன்னவரு உள்ள பாத்துட்டு "ம்ம்"னு தலைய ஆட்டுனாரே தவிர கடைசி வரைக்கும் ஒண்ணும் சொல்லல. ராத்திரி எட்டு மணி, ஹெட்லைட் வேற போட்டபடி கெடக்கு. பின் சீட்ல இருந்த அம்மாதான், "லைட்டு நல்லாத்தான எரியுது, பொறவு ஏம்ல கெளம்ப மாட்டேங்கு"ன்னு கேட்டா. யாரு காதுல வாங்குனா. தள்ளுனோம், செகண்ட் கியர்ல கிளட்ச விட்டதும் ஸ்டார்ட் ஆயிட்டு.

மெக்கானிக்கிட்ட போனா அங்க சமத்துப் புள்ள. பதினோரு தடவ போட்டுப் பாத்தாரு, பதினோரு தடவையும் ஒரே இழுப்பு. அண்ணாச்சி காரப் பாக்காம என்னையப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு, கோட்டிக்காரன்னு நெனைச்சிருப்பாரு போல. சரி, அடுத்த தடவ வீடியோ எடுத்துக் காட்டுவோம்னு இருந்தேன். நம்பினா நம்புங்க, போன நீட்டுனதும் ஸ்டார்ட் ஆயிரும் சவம். ஒரு மாசம் அதையே வைத்தியமா வச்சு ஓட்டுனேன், டக்குன்னு கேட்டா போன எடுத்து ஸ்டியரிங்குக்கு நேரா பிடிப்பேன், எம் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிடுவா.

பொறவு மாமா வந்தாரு. "மாப்ள, பேட்டரி செத்துட்டு, கண்ண மூடிக்கிட்டு மாத்துங்க." கண்ண மூடிக்கிட்டுத்தான் மாத்துனேன், 4,800 ரூவா. ரெண்டு வாரம் ஒரு கொறையும் இல்ல. மாமா போன் போட்டு போட்டு விசாரிச்சாரு.

மூணாவது வாரம் கல்லிடைக்குறிச்சில ஒரு கல்யாணம். போற வழியில சேரன்மாதேவி பக்கம் ரயில்வே கேட்டு பூட்டிக் கெடந்துச்சு, பெட்ரோல மிச்சம் பிடிப்போம்னு எஞ்சின ஆஃப் பண்ணுனேன் பாருங்க, அதுதான் அன்னைக்கு நான் செஞ்ச பெரிய தப்பு. செங்கோட்டை பாசஞ்சர் போச்சு, கேட்டு தெறந்துச்சு, டக். போன நீட்டுனேன், டக். பின்னால பஸ்ஸு, லாரி, வாழத்தார் ஏத்துன ஆட்டோ, எல்லாம் சேந்து ஹாரன் அடிக்கானுவ. பஸ் கண்டக்டர் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு எறங்கி வந்தாரு. "அண்ணாச்சி, எங்களுக்கு டயம் போகுதுல்லா"ன்னவரு பஸ்ஸப் பாத்து ஒரு விசில் குடுத்தாரு, ஏழெட்டு பேரு எறங்கி வந்துட்டாங்க, ஒருத்தரு கைல முருங்கக்காக் கட்டு, அத எம் பொண்டாட்டி மடியில குடுத்துட்டுத் தள்ளுனாரு. பட்டு வேட்டி சட்டையோட நான் உள்ள உக்காந்திருக்கேன், தண்டவாளத்த தாண்டி தள்ளிட்டுப் போறாங்க. வண்டி கெளம்புன வேகத்துல முருங்கக்காயத் திருப்பிக் குடுக்க மறந்து, பொறவு நிறுத்தி, ஆனா எஞ்சின ஆஃப் பண்ணாம, காத்திருந்து குடுத்தோம்.

அடுத்த நாளே பேட்டைல ஒரு வயசான எலெக்ட்ரீஷியன் பாய் கிட்ட விட்டேன். அவரு பானெட்டத் தொடவே இல்ல. "டக்குங்கும்போது லைட்டு மங்குதா தம்பி?" இல்ல பாய், நல்லா எரியும். "அப்ப பேட்டரிய ஏன் மாத்துனீங்க?" நான் மாமா பேரச் சொல்லல.

அங்கயும் மொத எட்டு தடவ ஸ்டார்ட் ஆச்சு. பாய் அசரல, சாயா குடிச்சுக்கிட்டே போட்டுக்கிட்டே இருங்கன்னுட்டாரு. ஒம்பதாவது தடவ டக்! எனக்கு சந்தோசம் தாங்கல, வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு கை தட்டுன ஆளு நானாத்தான் இருப்பேன். மீட்டர எடுத்து ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ண எஞ்சின் மேலயும் வச்சு, திருப்புங்கன்னாரு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாதாம், 7 காட்டுது. ஆக்சிலேட்டர் கேபிளத் தொடச் சொன்னாரு, தொட்டா சுடுது. செல்ஃப் மோட்டாருக்குப் போற கரண்டு திரும்பி வர பாதை இல்லாம அந்தக் கம்பி வழியா வந்திருக்கு.

கீழ குனிஞ்சு கியர் பாக்ஸ் பக்கத்துலருந்து ஒரு பின்னல் வயர உருவி எடுத்தாரு. எஞ்சினையும் பாடியையும் சேக்குற எர்த் வயராம். பாதி இழை அத்து, முனையில துரு அப்பிப் போயி, சாணித் தட்டு மாதிரி உதிருது. எஞ்சின் ஆடுற ஆட்டத்துல ஒட்டுனா ஸ்டார்ட் ஆகும், ஒட்டலன்னா டக். தள்ளுனா கெளம்புனதும் அதனாலதான், ஸ்பார்க்குக்கு கொஞ்சூண்டு கரண்டு போதும், செல்ஃப் மோட்டாருக்குத்தான் நெறைய வேணும். லைட்டுக்கு பாடியிலயே எர்த்து, அதான் அது பாட்டுக்கு எரிஞ்சிருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு புது வயர் மாட்டுனாரு. எல்லாம் சேத்து 350 ரூவா.

வீட்டுல வந்து சொன்னேன். அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டே, "அன்னைக்கே கேட்டேன்"ன்னா.

போன வாரம் அதே ரயில்வே கேட்டு, மறுபடி பூட்டிக் கெடக்கு. இப்ப வண்டி நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் கை சாவிக்குப் போகல, எஞ்சின் ஓடிக்கிட்டே நிக்கேன். பக்கத்துல ஒரு பஸ்ஸு வந்து நின்னுச்சு. படியிலருந்து குனிஞ்சு பாத்த கண்டக்டருக்கு மொகம் மறக்கல.

"ஆஃப் பண்ணுங்க அண்ணாச்சி, நாங்கதான் இருக்கோம்லா!"